ஷோலாவும் சோலாவும்

வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் சதுரகராதியை இயற்றியபோது, பெயருக்கேற்ப அதனை நான்கு கூறுகளாக வகுத்தார். அவற்றுள் பெயரகராதி என்பது ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைக் கூறுவது. பொருளகராதி என்பது ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைக் கூறுவது. ஒரு பெயருக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஒரே பொருள் பல பெயர்களில் உலவலாம். தமிழைக் கற்க வந்த அந்த இத்தாலியத் துறவி, மொழியின் இவ்விரு இயல்புகளையும் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பகுப்பே சான்று.

ஒலியால் ஒன்றாக நிற்கும் சொற்கள் பிறப்பால் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. மாலை என்னும் சொல் அந்திப் பொழுதையும் குறிக்கும். கழுத்தில் அணியும் பூந்தொடையையும் குறிக்கும். தாய்மொழியில் இத்தகைய சொற்களை நாம் தடுமாறாமல் கையாளுகிறோம். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் குடிபெயர்ந்த சொற்களிலோ தடுமாற்றம் எளிதில் நேர்ந்துவிடுகிறது. பிறந்த வீட்டை அறியாதவர்கள், முகச்சாயலை மட்டும் பார்த்து உறவு கற்பித்துவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றியதே இக்கட்டுரை. ஒன்று 'ஷோலா', மற்றொன்று 'சோலா'. முன்னது நீலகிரி மலைகளின் மடிப்புகளில் வளரும் காட்டுக்குப் பெயர். பின்னது துரைமார் வெயிலுக்கு அஞ்சித் தலையில் அணிந்த தொப்பிக்குப் பெயர். இரண்டும் இந்திய மண்ணிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவை. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வாயில் ஒருசேரப் புழங்கியவை. ஆயினும் இவற்றுக்கிடையே எவ்வித இரத்த உறவும் இல்லை. இவ்விரு சொற்களின் வரலாற்றையும் பிரித்து நோக்கினால், உதகை, குன்னூர், கோத்தகிரி மலைகளுக்கு நேர்ந்தது என்ன என்பதும் உடன் விளங்கும்.

அகராதியில் அண்டை வீட்டார்

இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த சொற்களைத் திரட்டி 1886-இல் வெளிவந்த பெரிய அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்' என்பது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் ஆகிய இருவரும் தொகுத்தது. பர்னல் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக விளங்கியவர். தஞ்சை அரண்மனையிலிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் அச்சேறுமுன் 1882-இல் அவர் மறைந்தார். யூல் அதனை முடித்து வெளியிட்டார்.

அந்த அகராதியில் ஷோலாவும் உண்டு, சோலாவும் உண்டு. ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டும் அதிகத் தொலைவில் இல்லை. ஷோலா என்பது தென்னிந்தியாவில் மரமடர்ந்த மலைப் பள்ளத்தாக்கு என்றும், தமிழ்ச் சோலை என்னும் சொல்லே அதன் மூலம் என்றும் தொகுத்தோர் எழுதினர். சோலா என்பதோ வடநாட்டில் வழங்கும் ஒரு செடியின் பெயர். அதன் உட்சோற்றிலிருந்து இலேசான தொப்பி செய்கிறார்கள். ஆங்கிலேயர் பலர் அதனைப் பிழையாக 'சோலார்' என்று உச்சரிக்கிறார்கள் என்று குறித்தனர். நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்ட இத்தெளிவு போதுமானதாகவே இருந்தது. ஆயினும் மக்கள் வழக்கு அகராதியைக் கேட்டு நடப்பதில்லை.

சோலை மலையேறிய வழி

சோலை என்பது நம் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று. அழகர்மலைக்குத் திருமாலிருஞ்சோலை என்றும் சோலைமலை என்றும் பெயர். முருகனுடைய படைவீடுகளுள் ஒன்று பழமுதிர்சோலை. ஆற்றங்கரையில் தானாக வளர்ந்த மரத்தொகுதியையும், மக்கள் நட்டு வளர்த்த மாந்தோப்பையும் தமிழர் ஒருங்கே சோலை என்றனர். மரம், நிழல், குளிர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் எதுவோ அது சோலை. மலையாளத்தில் சோல என்னும் சொல் நிழலையும் குறிக்கும். மலையிலிருந்து இறங்கும் சிற்றோடையையும் குறிக்கும். அங்கே நிழலும் நீரும் ஒரே சொல்லில் உறைந்துள்ளமை நினைவில் வைக்கத்தக்கது.

கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கு ஏறினார். சமவெளியின் வெக்கையில் வாடிய ஆங்கிலேயருக்கு அம்மலை ஒரு புது உலகமாகத் தோன்றிற்று. 1822-இல் அவர் உதகையில் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியாக விளங்குகிறது. வந்தவர்கள் கண்ட காட்சி விந்தையானது. மேடுகளெங்கும் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குறுமரக் காடு. உடன் வந்த தமிழர் அக்காட்டைச் சோலை என்றனர். கேட்டவர்கள் அதனை 'ஷோலா' என்று எழுதிக்கொண்டனர்.

சொல் எல்லை கடக்கும்போது அதன் பொருள் சில வேளை விரியும். சில வேளை சுருங்கும். சோலைக்கு நேர்ந்தது சுருக்கம். நமக்கு எந்த மரநிழலும் சோலை. ஆங்கிலத்திலோ உயர்ந்த மலைகளில், ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல், புல்வெளிகளுக்கிடையே வளரும் பசுமை மாறாக் குறுங்காடு மட்டுமே ஷோலா. அச்சுருக்கத்தால் அச்சொல் ஓர் அறிவியற் கலைச்சொல் ஆயிற்று. இக்காடுகளில் மட்டும் வாழும் ஒரு சிறு நீலப் பறவைக்கு, 2017-இல் பறவையியலார் புதிய பேரினப் பெயர் சூட்டியபோது, 'ஷோலிக்கோலா' என்று இலத்தீன் மரபில் அமைத்தனர்; ஷோலாவில் வாழ்வது என்பது அதன் பொருள். நம் சோலை இன்று இலத்தீன் பெயரோடும் இணைந்து நிற்கிறது.

இந்தச் சோலையின் வேலை என்ன? அதன் மரங்கள் உயரமானவை அல்ல. முறுக்கிய கிளைகளும், கிளைகளில் பாசியும் பெரணியும் உடையவை. தரையில் பல காலமாக விழுந்து மக்கிய இலைகள் பஞ்சுபோல் கிடக்கின்றன. மழையும் மூடுபனியும் தரும் நீரை அப்பஞ்சு உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பின்னும் சிறிது சிறிதாக ஓடையில் விடுகிறது. சுற்றியுள்ள புல்வெளியும் இவ்வேலையில் பங்கு கொள்கிறது. தோடர் மக்களின் எருமைகள் மேய்ந்தது அப்புல்வெளியில்தான்.

நெட்டி தொப்பியான வழி

இனி மற்றச் சொல்லைப் பார்ப்போம். வங்காளத்தின் சதுப்பு நிலங்களிலும் குளங்களிலும் வளரும் ஒரு நீர்ச்செடிக்குச் ஷோலா என்றோ சோலா என்றோ பெயர். அதன் தண்டின் தோலைச் சீவினால் உள்ளே பால்போல் வெளுத்த, காற்றைப்போல் இலேசான சோறு இருக்கும். வங்காள மணமகன் தலையில் சூடும் கூம்பு முடி இதனால் ஆனது. துர்க்கை திருவுருவத்துக்கு அணிகலன்களும் இதனால் செய்யப்படுகின்றன.

நமக்கு இச்செடி புதியதன்று. தமிழில் இதற்கு நெட்டி என்று பெயர். தஞ்சைக் கைவினைஞர் இந்நெட்டியைச் செதுக்கித் தேர், கோபுரம், கோயில் முதலிய சிற்றுருவங்கள் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. காவிரிப் படுகையில் மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு அணிவிக்கும் வண்ண மாலையும் நெட்டி மாலையே. அகராதி தொகுத்த பர்னல் நீதி வழங்கிய ஊரிலேயே அச்செடி கலைப்பொருளாகிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் அதனைத் தஞ்சையில் சந்தித்துப் பெயர் பெற்றிருந்தால், உலக அகராதிகளில் இன்று 'நெட்டி தொப்பி' என்று இருந்திருக்கும். அவர்கள் வங்காளத்தில் சந்தித்ததால் அது 'சோலா தொப்பி' ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தொப்பி பெருவழக்குப் பெற்றது. நெட்டித் தகடுகளை அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே துணி போர்த்தி, உட்புறம் பச்சைத் துணி இட்டுச் செய்வர். நெட்டியின் நுண்ணறைகளில் காற்று நிறைந்திருப்பதால் வெப்பம் எளிதில் உட்புகாது, கனமும் இல்லை. ஒரே குறை, மழையில் நனைந்தால் ஊறிக் கெட்டுவிடும்.

இங்கேதான் ஒலியின் மயக்கம் நுழைந்தது. இலத்தீனில் ஞாயிற்றுக்கு 'சோல்' என்று பெயர். அதிலிருந்து ஆங்கிலத்தில் 'சோலார்' என்ற உரிச்சொல் பிறந்தது. வெயிலைத் தடுக்கும் தொப்பியின் பெயர் சோலா. ஆகவே ஞாயிற்றுக்கும் இதற்கும் உறவு இருக்கவேண்டும் என்று ஆங்கிலேயர் பலர் எண்ணினர். 'சோலார் தொப்பி' என்றே எழுதவும் தொடங்கினர். குளத்தில் வளர்ந்த செடி, ஒலியின் சாயலால் வானத்துக் கதிரவனுக்கு உறவாயிற்று. இன்று நம் ஊர்களில் கூரைமேல் பளபளக்கும் சோலார் தகடுகளுக்கு அந்த இலத்தீன் சொல்லே உண்மையான மூலம். தொப்பிக்கு அது மூலமன்று.

ஒலி மயக்கத்துக்கு மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு. அரபு மொழியிலிருந்து உருதுவுக்கு வந்த 'ஷோலா' என்பதற்கு நெருப்புச் சுடர் என்று பொருள். 1975-இல் வெளிவந்த 'ஷோலே' என்ற இந்தித் திரைப்படத்தின் பெயர் அதன் பன்மை. ஆக, ஏறத்தாழ ஒரே ஒலியில் தமிழிலிருந்து ஒரு காடு, வங்காளத்திலிருந்து ஒரு செடி, அரபிலிருந்து ஒரு சுடர். மூன்றும் மூன்று குலம்.

வெயிலுக்கு அஞ்சியவர்கள்

தொப்பியின் பெயரில் ஞாயிறு புகுந்தது வெறும் எழுத்துப் பிழையன்று. அதற்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. வெப்ப நாட்டு வெயிலில் கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒரு கதிர் உண்டு. அது வெள்ளையரின் மண்டையைத் துளைத்து மூளையையும் நரம்பையும் கெடுக்கும். கறுத்த தோல் உடையவருக்கு அத்தீங்கு இல்லை என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். சார்ல்ஸ் உட்ரஃப் என்ற அமெரிக்கப் படை மருத்துவர் 1905-இல் இதுபற்றித் தனி நூலே எழுதினார். மலையுச்சியில் காற்று மெல்லியதாதலால் அங்கே கதிர் இன்னும் கொடியது என்று கருதியோரும் உண்டு. வெக்கைக்கு அஞ்சி மலைக்கு ஏறியவர்கள், குளிர்ந்த மலையிலும் வெயிலுக்கு அஞ்ச வேண்டியதாயிற்று.

இந்த அச்சம் தொன்மையானதும் அன்று. இயேசு சபைத் துறவி யாக்கோமோ ஃபெனிசியோ 1603-இல் கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து மலையேறித் தோடரைக் கண்டு எழுதினார்; நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பு அதுவே. அவர் காலத்தில் இத்தொப்பியும் இல்லை, அந்த மருத்துவக் கொள்கையும் இல்லை. வீரமாமுனிவர் நம் நாட்டு உடையணிந்து, தமிழகத்து வெயிலில் ஊர் ஊராகச் சென்றார். பிற்காலத்து ஐரோப்பியக் குருக்கள் வெள்ளை அங்கியும் சோலா தொப்பியுமாக நிற்கும் பழைய நிழற்படங்களைப் பங்கு இல்லங்களில் கண்டோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கலாம். இடைப்பட்ட காலத்தில் வெயில் மாறவில்லை. வெயிலைப் பற்றிய எண்ணம் மாறிற்று.

தொப்பி மெல்ல மெல்ல ஓர் அதிகாரச் சின்னமாயிற்று. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளி மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டிருந்தார்; துரை சோலா தொப்பி அணிந்திருந்தார். தொலைவிலிருந்து பார்த்தாலே யார் எவர் என்று தெரிந்துவிடும். பர்மாவில் காவல் அதிகாரியாகப் பணியாற்றிய எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், இந்த வெயிலச்சம் ஒரு மூடநம்பிக்கை என்றும், ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் பிரித்துக் காட்டவே அது பயன்பட்டது என்றும் 1944-இல் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது தொப்பியின்றிப் போரிட்ட படையினருக்கு யாதொரு தீங்கும் நேராமை கண்டு, பிரித்தானியப் படை அதனைக் கைவிட்டது. நூற்றாண்டு வாழ்ந்த கொள்கை சில ஆண்டுகளில் மறைந்தது.

காந்தியடிகளின் கருத்து இவ்விடத்தில் நோக்கத்தக்கது. தேசிய உணர்வு அத்தொப்பியை வெறுத்தாலும், வெயிலிலிருந்து காக்கும் பயனுள்ள பொருள் என்ற முறையில் அதனை ஐரோப்பா நமக்களித்த சில நன்மைகளுள் ஒன்றாகக் கருதுவதாக 1929-இல் அவர் எழுதினார். அவர் காட்டிய பெருந்தன்மை வியக்கத்தக்கதே. ஆயினும் அப்பொருளின் செடியும் இந்தியச் செடி. அதன் பெயரும் இந்தியப் பெயர். வடிவம் மட்டுமே வெளியிலிருந்து வந்தது. நம்மிடமிருந்து சென்றதை நாமே பிறர் கொடையாகக் கொள்ளும் அளவுக்கு அச்சொல் தன் பிறப்பிடத்தை இழந்திருந்தது.

நிழலை வெட்டி நிழல் நட்டல்

இவ்விரு சொற்களுக்கும் பிறப்பில் உறவில்லை என்றோம். பொருளில் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டும் நிழலைக் குறிப்பவை. ஒன்று ஒருவர் தலைக்கு மட்டும் நிழல். அவர் நகர்ந்தால் நிழலும் நகரும். மற்றது நின்ற இடத்தில் நின்று, வந்தவர்க்கெல்லாம் தரும் நிழல். நிழலோடு நீரும் தருவது. நீலகிரியின் இருநூறு ஆண்டு வரலாற்றை, முதல் நிழலை அணிந்தவர்கள் இரண்டாவது நிழலைக் குறைத்த வரலாறு என்று ஒருவாறு சுருக்கலாம்.

புதிய குடியிருப்புகளின் அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேண்டியிருந்தது. அருகிலிருந்த சோலைகள் வெட்டப்பட்டன. மெல்ல வளரும் சோலை மரங்கள் அத்தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆதலால் ஆஸ்திரேலியாவிலிருந்து விரைவாக வளரும் மரங்கள் கொணரப்பட்டன. 1830-களில் அக்கேசியா வகையும், 1840-களில் யூகலிப்டசும் மலையில் வேரூன்றின. 1830-களில் கேத்தியில் சோதனையாக நடப்பட்ட தேயிலை, 1860-களுக்குப் பின் தோட்டப் பயிராகப் பரவியது. காப்பிக்கும் சிங்கோனாவுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. மேய்ச்சற் புல்வெளி அரசுப் பதிவேடுகளில் வெற்று நிலம், தரிசு என்று பெயர் பெற்றது. ஒரு நிலத்தை வெற்று நிலம் என்று அழைத்துவிட்டால், அதை நிரப்புவது குற்றமாகத் தோன்றாது, நற்பணியாகவே தோன்றும். பெயரிடுதலில் அடங்கிய அதிகாரம் அத்தகையது.

தேயிலைக்கும் ஓரளவு நிழல் வேண்டும். ஆகவே தோட்டங்களில் வரிசை வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள் நடப்பட்டன. தோட்ட வழக்கில் அவற்றுக்கு 'நிழல் மரம்' என்றே பெயர். இயற்கை தந்த நிழற்காடு இருந்த மலையில், கடல் கடந்து வந்த மரம் நிழல் மரமாயிற்று. குந்தா பகுதியிலுள்ள தாய்சோலை என்னும் ஊர்ப்பெயர் இன்று ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயராகவே வெளியுலகுக்குத் தெரிகிறது. உதகையில் கவர்னர் சோலை என்று ஓர் இடம் உண்டு. பெயரில் சோலை எஞ்சியிருக்கிறது. நிலத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி.

நம் பங்கு

இவ்வாறு கூறிப் பழியனைத்தையும் துரைமார் தலையில் இறக்கிவைத்து நாம் நிம்மதி கொள்ளலாகாது. ஆட்சி நம் கைக்கு வந்த பின்னும் மலையில் அந்நிய மரங்கள் தொடர்ந்து நடப்பட்டன. அவற்றுள் சில, ஏழைகளின் வாழ்வுக்காகவே செய்யப்பட்ட மாற்றங்கள் என்பதையும் மறத்தல் அறமன்று. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரவேண்டியவராயினர். பல தலைமுறைகளாகத் தேயிலையையே அறிந்த அம்மக்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை தர, 1968 முதல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் வன நிலங்கள் தோட்டங்களாயின. வீடிழந்து வந்தவர்க்கு நிலம் தந்தது நல்லதே. அந்நிலம் முன்பு காடாக இருந்தது என்பதும் உண்மையே. இரண்டு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கிக்கொள்வதே நேர்மையாகும்.

சொல்லிலும் நாம் பிழையற்றவர்கள் அல்லர். அக்கேசியா மரத்தை மலை மக்கள் 'சீகை' என்றும், யூகலிப்டசைக் 'கற்பூர மரம்' என்றும் அழைக்கின்றனர். முன்னது நம் சீயக்காய்க் கொடியின் இலைச்சாயலை வைத்து எழுந்த பெயர். பின்னது வாசனையை வைத்து எழுந்த பெயர். புதிதாக வந்ததற்குப் பழகிய பெயரைச் சூட்டி வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் இயல்பு எல்லா மக்களுக்கும் உண்டு.

ஆனால் இதைவிட வருந்தத்தக்கது ஒன்று உண்டு. சோலை என்ற நம் சொல் ஆங்கிலம் சென்று, ஷோலா என்று வேடம் பூண்டு, மீண்டும் தமிழுக்கே திரும்பிவந்தது. நாமோ அதனை அடையாளம் காணவில்லை. செய்தித்தாள்களும் வழிகாட்டி நூல்களும் 'ஷோலா காடுகள்' என்றும் 'சோலா காடுகள்' என்றும் எழுதுகின்றன. கொடைக்கானலில் உள்ள ஓர் அருவி 'பியர் சோழா' என்றே அச்சேறுகிறது. சோழ மன்னர்க்கும் அந்த அருவிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கரடி உலவிய சோலை என்பதே அப்பெயரின் பொருள். சோலாவைச் சோலார் ஆக்கிய ஆங்கிலேயரைப் பார்த்து நகைப்போர், சோலையைச் சோழா ஆக்கிய நம்மையும் சற்றே பார்க்கவேண்டும். அவர்கள் செய்தது அயல்மொழிச் சொல்லில் நேர்ந்த மயக்கம். நாம் செய்ததோ தாய்மொழிச் சொல்லையே மறந்த மயக்கம்.

பெயர் பிழையானால் என்ன, காடு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 'ஷோலா காடு' என்று படிக்கும் சிறுவனுக்கு அது அறிவியல் நூலில் வரும் ஏதோ ஓர் அயல்நாட்டுப் பொருளாகத் தோன்றும். 'சோலை' என்று படித்தால், தன் பாட்டி சொன்ன கதையிலும், கோயிற்பெயரிலும், ஊர்ப்பெயரிலும் கேட்ட சொல் என்று நெஞ்சில் தைக்கும். அயலாருடைய பொருள் அழியும்போது நாம் இரங்குவதோடு நின்றுவிடுகிறோம். நம்முடையது அழியும்போதுதான் எழுந்து நிற்கிறோம். ஆகவே சொல்லை அதன் வீட்டில் சேர்ப்பதும் காட்டைக் காப்பதன் ஒரு பகுதியே.

ஒரே நீர்

எஞ்சிய சோலைகள் இன்று அருமை அறிந்து காக்கப்படுகின்றன. 1986-இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் நாட்டின் முதலாவது காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1990-இல் முக்கூர்த்தி தேசியப் பூங்கா ஆயிற்று. கோத்தகிரியை அடுத்த லாங்வுட் சோலையிலிருந்து வரும் நீரைச் சுற்றுப்புற ஊர்கள் பருகுகின்றன. ஒரு காடு எதற்கு என்று கேட்போர்க்கு அங்குள்ள குடிநீர்க் குழாயே மறுமொழி.

யோனா இறைவாக்கினர் ஒரு செடியின் நிழலில் அமர்ந்து மகிழ்ந்த வரலாற்றை நாம் அறிவோம். ஒரே இரவில் வளர்ந்த அச்செடி வாடியபோது அவர் சினந்தார். தம் தலைக்கு வெயில் பட்டது அவருக்குப் பெரிதாயிற்று. பெருநகர் ஒன்றின் மக்கள் அனைவருடைய வாழ்வும் அவருக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. தன் தலைக்கான நிழலையே பெரிதாக எண்ணுவது பழைய சோதனை. துரைமாருக்கு அது தொப்பியின் வடிவில் வந்தது. நமக்கு விடுதிகளாகவும் சொகுசு மாளிகைகளாகவும் வருகிறது. கோடையில் குளிர்ச்சி தேடி மலைக்கு ஏறும் நாம், அக்குளிர்ச்சியைத் தருவது எது என்று கேட்பதில்லை.

இறுதியாக ஒன்று. நீலகிரிச் சோலைகளில் ஊறும் நீர் மாயாறாகவும் பவானியாகவும் இறங்குகிறது. மாயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. காவிரி தஞ்சைப் படுகைக்குச் சென்று வயல்களையும் குளங்களையும் நிறைக்கிறது. அப்படுகையின் நீர்நிலைகளில்தான் நெட்டி வளர்கிறது. அகராதியில் உறவற்ற அவ்விரு சொற்களும் குறிக்கும் பொருள்களை இயற்கை ஒரே நீரால் இணைத்து வைத்துள்ளது. மேலே சோலை வறண்டால், கீழே குளம் வறளும். குளம் வறண்டால் நெட்டியும் இல்லை, தைத்திங்களில் மாட்டின் கழுத்துக்கு மாலையும் இல்லை.

சொற்களைப் பிரித்து அறிவது அறிவு. பொருள்கள் சேர்ந்து வாழ்வதை அறிவது அதனினும் பெரியது. அடுத்த முறை உதகைக்குச் செல்லும்போது, சாலையோரத்துப் பள்ளத்தில் பாசி படர்ந்த குறுமரக் கூட்டம் ஒன்று கண்ணிற்பட்டால், உடன்வரும் பிள்ளைகளுக்கு அதன் பெயர் சோலை என்று சொல்லுங்கள்.